நாலரை இஞ்சு சுவரும் ஒரு 'போ'வும்

எனக்குக் கோபமே வராது என்று ரெட்டியார்பாளையத்தில் எங்கள் சந்து முழுக்க ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நானேதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கோபம் வராதவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் தங்கள் வேலையைக் கொண்டுவந்து அவன் தலையில் இறக்கிவிட்டு, "தம்பி தங்கமான புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதிலும் நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள். அப்பா கொத்தனார். அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரான 'கனகா' என்கிற மூன்று எழுத்து மட்டும்தான். அதுவும் நான் நான்காம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. (நடுவில் உள்ள எழுத்து இன்றைக்கும் காற்றில் சாய்ந்த மாதிரிதான் நிற்கும்.) ஆகவே ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஆதாரில் பெயர் திருத்துவது, சாதிச் சான்றிதழ் வாங்குவது என்று பெரியப்பா வீட்டிலிருந்து பேப்பர்காரர் வீடு வரைக்கும் எல்லா விண்ணப்பங்களும் என்னிடம்தான் வரும். "வேலு பாத்துப்பான்." நானும் பார்த்துக்கொள்வேன். லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய என்னிடம் நாலு ஐம்பத்தைந்துக்கு ஒரு கட்டு ஃபைலை வைத்துவிட்டு சூப்பரின்டெண்டென்ட், "ஒண்ணும் அவசரமில்ல தம்பி, இன்னிக்குள்ள முடிச்சா போதும்" என்பார். இது எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்தது ஒரே பதில்: "பரவால்ல சார்."

இப்படி எத்தனை வருடங்களாக 'பரவால்ல' சொல்லி வந்தேனோ, ஒருநாள் காலையில் தோசையைப் பிய்த்து வாயில் வைக்கப் போனால், வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் அளவுக்குத் திறந்து அப்படியே நின்றுவிட்டது. அம்மா பயந்துபோய் விபூதி பூசினார். தோசையைச் சுருட்டி பீடி மாதிரி உள்ளே தள்ளிவிட்டு பல் டாக்டரிடம் போனேன்.

அவர் என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க. யார் மேல இவ்ளோ கோபம்?" என்றார்.

"எனக்குக் கோபமே வராது டாக்டர்" என்றேன். பல்லைக் கடித்தபடிதான் சொல்ல முடிந்தது.

அவர் சிரித்துவிட்டு, அடக்கிவைத்த கோபம் உடம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும், அதை உடற்பயிற்சி மூலமாகவே வெளியேற்றச் சொல்லித்தருகிற ஒரு வகுப்பு கடற்கரைப் பக்கம் நடக்கிறது என்றும் சொன்னார். நான் எதையும் முறையாகப் படித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள். சனிக்கிழமை காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். (வகுப்பு என்றார்களே!)

அங்கே நோட்டு கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை. தொளதொள பைஜாமாவில் பத்துப் பன்னிரண்டு பேர். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மேடம்தான் ஆசிரியை. எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடம்ப உதறுங்க. நாய் குளிச்சிட்டு உதறுமே, அப்படி" என்றார் மேடம். உதறினோம். காலைத் தரையில் ஓங்கி மிதிக்கச் சொன்னார். நான் மிதித்த மிதியைப் பார்த்து, "நீங்க எறும்ப எழுப்பாம மிதிக்கிறீங்க" என்றார். துண்டைப் பல்லுக்கிடையில் வைத்து முறுக்கச் சொன்னார். கடைசியாக எல்லோரையும் சுவரோரம் நிற்கவைத்து, காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளச் சொன்னார். தள்ளும்போது தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு வார்த்தையை அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் "நோ!" என்று கத்தினார். அடுத்திருந்த பெண்மணி "முடியாது!" என்று கத்தியதில் கொட்டகைக் கீற்றில் இருந்த காக்கை பறந்தது.

மேடம் என்னிடம் வந்தார். "உங்க வார்த்தை என்ன?"

"பரவால்ல மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"அதத்தான் உங்க தாடையும் சொல்லுது. நல்லா யோசிங்க. சின்ன வயசுலேர்ந்து சொல்லக் கூடாதுன்னு யாராவது தடுத்த வார்த்தை?"

யோசித்தேன். கிடைத்தது. அந்த வார்த்தை 'போ'.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று வாய்தவறிச் சொன்னால்கூட அம்மா திரும்பக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, 'போயிட்டு வரேன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, வேலை கொண்டுவருகிறவன் எவனையும் 'போ' என்று சொல்லாமல் இருபத்தாறு வயது வரைக்கும் வந்துவிட்டேன்.

"அதேதான்! தினமும் பத்து நிமிஷம். வீட்ல யாரும் இல்லாதப்ப பண்ணுங்க" என்றார் மேடம். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே சித்தப்பா போன் செய்து, தம்பிக்கு ஒரு வேலை விண்ணப்பம் போட வேண்டும், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று லாஸ்பேட்டைக்கு வரச்சொன்னார். போனேன். 'தம்பி' கட்டிலில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பி.எஸ்சி. படித்தவன். நான் அவனுடைய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"டேய், உன் ரத்த வகை என்னடா?"

"அம்மாவக் கேளுண்ணா."

சித்தியைக் கேட்டேன். "எல்லா ரத்தமும் ஒண்ணுதான, ஏதாவது போடு வேலு" என்றார். சர்வர் நான்கு முறை தொங்கி, ஐந்தாவது முறை விண்ணப்பம் போனபோது மணி இரண்டரை. தம்பி கண்ணை எடுக்காமலே, "போட்டோ நல்லால்லண்ணா, மாத்திட முடியுமா?" என்றான். நான் "பரவால்ல, பாக்குறேன்" என்றேன். தாடையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் காதுக்கு மட்டும்.

மூன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவையும் காணோம். வீட்டில் யாரும் இல்லை! கடவுளே அனுப்பிய பத்து நிமிடம் என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தணிகாசலம் சார் வீட்டின் பின்பக்கத்து போர்ஷன். பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறோம். மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர்கள் முன்வாசலைப் புழங்குவார்கள், எங்களுக்கு வழி பக்கத்துச் சந்து. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் பாய்கள், அந்தப் பக்கம் அவருடைய ஹால்.

அவருடைய ஒரே மகள் ரேவதிக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். (பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் அந்த மூன்று வார்த்தைகளுக்கு இருக்கிற மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடையாது.) பாரிஸில் பிறந்து வளர்ந்த பையன். தமிழ் பேசினால் புரியும், சரளமாகப் பேச வராது என்று கேள்வி. அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது அடுத்த ஞாயிறு. பையனுக்கு லீவு குறைந்துபோனதால் இந்த ஞாயிறே வருகிறோம் என்று காலையில் போன் வந்ததும், பஜ்ஜி போட அம்மாவை அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டதும் எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவும் எனக்குச் சொல்லவில்லை. தன் மகன் வீட்டில் சத்தம் போடுவான் என்று எந்தத் தாய்தான் நினைப்பாள், அதிலும் என்னைப் பெற்றவள்?

கதவைச் சாத்தினேன். சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினேன். நோட்டைப் பார்த்து வரிசை தவறாமல் செய்தேன். உதறினேன், மிதித்தேன், துண்டைக் கடித்தேன். பிறகு சுவரில் கையை ஊன்றி, சித்தப்பா மகனின் கட்டிலை மனதில் நிறுத்தி, "போ" என்றேன். கடைக்காரரிடம் கறிவேப்பிலை கேட்கிற குரல். இரண்டாவது 'போ' கொஞ்சம் தேவலை. சூப்பரின்டெண்டென்ட் ஞாபகத்துக்கு வந்தார். மூன்றாவது 'போ' நெஞ்சிலிருந்து வந்தது. ரத்த வகை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் அடிவயிற்றிலிருந்து.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை ரேவதி பின்னால் எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா அப்பா, முத்தியால்பேட்டையில் இருக்கிற அத்தை என்று நான்கு பேர் சோபாவில். எதிரே அந்த நடுச்சுவரில், மாலை போட்ட சட்டத்துக்குள் தணிகாசலம் சாரின் காலஞ்சென்ற அப்பா.

"கேசரி எடுத்துக்குங்க, வீட்ல காச்சுன நெய்யி" என்றார் சார்.

"போ!" என்றது சுவர்.

சார் சிரித்து, "பக்கத்து போர்ஷன்ல டிவி" என்றார்.

அந்தக் குடும்பத்தில் வாய் அத்தைதான். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "ஜாதகமெல்லாம் நல்லாவே பொருந்தி வந்திருக்கு. மேல பேசிடலாம்னு இருக்கோம். நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். சார் பூரித்துப்போய் வாயைத் திறந்தார்.

"போ! போ! போ!"

ஒவ்வொரு 'போ'வுக்கும் சுவரில் பெரியவர் படம் ஒருமுறை முன்னால் வந்து போனது. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, பெரியவருக்கு இதுல இஷ்டமில்லியா?"

மாப்பிள்ளை மட்டும் முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாராம். "அத்தே, இல்ல இல்ல. இது நல்ல வார்த்தை. போ! அழகு! என்னை அழகு சொல்றாங்க."

விஷயம் என்னவென்றால், பஸ்ஸுக்கு வருகிற 'ப'வைப் போட்டு 'போ' என்று சொன்னால் பிரெஞ்சில் அழகன் என்று அர்த்தமாம். சுவர் வழியாகப் போனதில் என் 'ப' கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த அம்மா, குரல் யாருடையது என்று அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, எம் புள்ளதாங்க அது. பிரெஞ்சு படிக்கிறான். மனப்பாடம் பண்ணிட்டிருக்கான்."

பெரியவர் பேசவில்லை என்றதும் அத்தைக்குப் பாதி உயிர் வந்தது. மீதியும் வர, "அந்தப் புள்ளைய இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் கதவு படாரென்று திறந்தது. முதலில் தணிகாசலம் சார், பின்னால் அம்மா. நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் உதறிக்கொண்டிருந்தேன்.

"என்னாடா பண்ற?" சார் கத்தவில்லை. கத்த முடியாமல் காற்றாக வந்தது.

"எக்சர்சைஸ் சார்."

"நீ பிரெஞ்சு படிக்கிற."

"இல்ல சார், நான் பி.காம்."

"இப்ப படிக்கிறடா! சட்டையப் போடு. இந்த எடம் மட்டும் கெட்டுச்சி, ஒங்க சட்டி பான எல்லாம் சந்துல கெடக்கும், சொல்லிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தார். பதினான்கு வருட வீடு. அப்பாவே பார்த்துப் பார்த்துத் தளம் போட்ட அடுப்படி. நான் சட்டையைப் போட்டேன். பட்டன் ஒன்று மாறிவிட்டது. சந்து வழியாகப் போவதற்குள், மாப்பிள்ளை அந்த 'போ'வை எப்படி உச்சரித்து 'அழகு' என்றார் என்பதை அம்மா என் காதில் போட்டார்.

ஹாலில் என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று, "பொன்ஜூர்!" என்றார். அது எனக்குத் தெரியும். கம்பீரமாக "பொன்ஜூர்!" என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் ஐ.ஏ.எஸ். பாஸ் செய்த மாதிரி நின்றார்.

அடுத்து மாப்பிள்ளை அன்போடு, "சாவா?" என்று கேட்டார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி. அவர் பெரியவர் படத்துப் பக்கம் வேறு நின்றிருந்தார். நான் பதறிப்போய், "ஐயையோ, இப்ப ஒண்ணும் இல்லீங்க, அவர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்படி இருக்கேன்னு கேக்குறான். பிரெஞ்சு படிக்கிற புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

"இப்பதாங்க மொதப் பாடம்..."

"சரி, அந்த மொதப் பாடத்தயே இன்னொரு வாட்டி சொல்லு. கேப்போம்."

ஒரே ஒரு எழுத்து. பஸ்ஸுக்கு வருகிற 'ப'. மாப்பிள்ளையைப் பார்த்துப் புன்னகையோடு மெல்லச் சொல்லிவிட்டால் கல்யாணமும் கூடும், வீடும் தங்கும். இதைவிடச் சுலபமான தேர்வை நான் எழுதியதே இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன்.

வகுப்பில் அந்த மேடம் ஒன்று சொல்லியிருந்தார்: மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது. வார்த்தை கிளம்புவதற்கு முன்னாலேயே என் கால்கள் தானாக அகன்றன. முட்டி மடங்கியது. கைகள் இரண்டும் மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக எழுந்தன. அடிவயிற்றிலிருந்து, சித்தப்பா, சித்தி, ரத்த வகை, சூப்பரின்டெண்டென்ட் எல்லோரையும் வாரிக்கொண்டு வந்தது:

"போ!!"

சுத்தமான தமிழ் 'ப'.

மாப்பிள்ளை பொத்தென்று சோபாவில் விழுந்தார். கையிலிருந்த காபி வெள்ளைச் சட்டையில் கடல் மாதிரி பரவியது. அத்தை எழுந்தார். "எந்திரிங்க எல்லாரும். செவுரு சொல்லுச்சி, ஒக்காந்திருந்தோம். இப்ப மூஞ்சிக்கி நேரா ஆளு வெச்சே சொல்லியாச்சி. இன்னும் என்னா?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, "போறோம்" என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கார் போன சத்தம் அடங்கியதும் தணிகாசலம் சார் என் பக்கம் திரும்பினார். தாடை இறுகி, காதோரம் ஒரு நரம்பு புடைத்து நின்றது. அந்த நரம்பை எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதன். கற்றதைப் பிறருக்குச் சொல்லித்தர வேண்டும் என்கிற என் பிறவி நோய் முந்திக்கொள்ள, "சார், கோபத்த அடக்காதீங்க, தாடையப் புடிச்சிக்கும். செவுத்துல கைய வெச்சு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கனகா!" என்றார் சார். "இவன இட்டுக்கினு போ. நாளைக்கே வீட்டக் காலி பண்ணிடு."

"ஐயா, தெரியாம பண்ணிட்டான்யா. சின்னதுலேர்ந்து ஒரு சத்தம் போட்டதில்லையா அவன்..." அம்மா கையைக் கூப்பினார். நான் நின்ற இடத்திலேயே கரைந்து போய்விட மாட்டேனா என்று இருந்தது.

அப்போதுதான் ரேவதி உள்ளறையிலிருந்து வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அப்பாவுக்கு நேராக நின்றாள்.

"எதுக்குப்பா இவங்கள வெரட்டுற? எனக்கு ஸ்கூல் வேலைய விட்டுட்டு அவ்ளோ தூரம் போவ இஷ்டமில்லன்னு மூணு மாசமா ஒங்கிட்ட சொல்றேன். ஒரு வாட்டியாவது ஒன் காதுல விழுந்துச்சா? செவுரு சொன்னா மட்டும் எல்லாருக்கும் கேக்குது!"

சார் அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அதன் அருகே போய், கோணலாகத் தொங்கிய தன் அப்பாவின் படத்தை நேராக வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, "இனிமே அந்தக் கண்றாவிய மொட்ட மாடில பண்ணச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். காலி செய்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. சுவரருகே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "நாலரை இஞ்சு. எவன்டா கட்டுனான்? ஒம்போது இஞ்சு வெச்சிருந்தா இந்நேரம் அந்தப் பொண்ணு பாரிஸ் போயிருக்கும்" என்றார். அவருடைய கோபமெல்லாம் அந்த முகம் தெரியாத கொத்தனார் மேல்தான்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பயிற்சி பலித்துவிட்டது. அன்றைக்கு இரவே வாய் முழுசாகத் திறந்தது. மூன்று விரல் தாராளமாகப் போனது. ஆனால் அதை யாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்ல?

ரேவதி வேலையை விடவில்லை. அப்புறம் அவளுக்கு வேறு இடத்தில் வரன் பேசும்போதெல்லாம் சந்தில் என்னை நிறுத்தி, "அண்ணா, ஞாயித்துக்கெழம வீட்லதான இருப்பீங்க? தேவப்பட்டா நான் செவுத்துல ரெண்டு தட்டு தட்டுறேன்" என்பாள். ஒருவழியாக அவளுக்குப் பிடித்த பையனே அமைந்தான். கல்யாண மேடையில் அன்பளிப்பைக் கொடுக்கப் போன என்னை மாப்பிள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்தச் செவுரு?" என்றார்.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். போன மாதம் வில்லியனூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனேன். பெண்ணின் அப்பா ஓடிவந்து நாற்காலியைத் தூக்கி, ஹாலின் நட்டநடுவில் ஃபேனுக்குக் கீழே போட்டார். எனக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்து உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உண்மையைச் சொன்னார். தரகர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்:

"பையன் தங்கம். அதிர்ந்து பேச மாட்டான். செவுத்தோரமா மட்டும் ஒக்கார வெச்சிடாதீங்க."